இருவருமே நோயாளிகள் என்றால் யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: எனக்கு 61 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்து ஐந்து வாரம் ஆகிறது. வீட்டுக்கு வந்து வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய நேரத்தில் என் கணவருக்கு (67) நெஞ்சுவலி வந்து, பைபாஸ் செய்யும்படி ஆகிவிட்டது. அது முடிந்து மூன்று வாரம். மகள் கூட இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். இப்போது வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். நான் நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் கைகொடுத்துத் தூக்க ஓடிவருகிறார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார். அவருக்கு வேண்டியதைப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடுவதால் என் கால் பயிற்சி பாதி நாள் நடப்பதில்லை. முதுகு வலிக்கிறது என்று அவர் சொன்னபோது என் வலி மாத்திரை ஒன்றைக் கொடுத்தேன். இரவில் காரணமே இல்லாமல் அழுகிறார். வருகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் விசாரிக்கிறார்கள். என் கால் யார் கண்ணுக்கும் படவில்லை என்று எனக்கு ஆத்திரம் வருகிறது, உடனே அதற்காக வெட்கமாகவும் இருக்கிறது. எங்களில் யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

பதில்:

முதலில் அந்த மாத்திரையைப் பேசிவிடுவோம்; மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மூட்டு அறுவைக்குப் பின் கொடுக்கும் வலி மாத்திரைகளில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென், செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் போன்ற பெயர்கள் அடிக்கடி இருக்கும். உங்கள் அட்டையில் இவற்றில் ஒன்று இருந்தால் அது உங்கள் கணவருக்கு ஆகாது. பைபாஸ் ஆனவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டும். சிறுநீரகத்தின் வேலையைக் குறைத்து உடம்பில் நீரைத் தேக்கும். ஆஸ்பிரினுடன் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கு வழி வைக்கும். இபுப்ரோஃபென் இதற்கு மேலும் ஒன்று செய்கிறது: அவருடைய ஆஸ்பிரின் வேலை செய்ய வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு, ஆஸ்பிரின் தரும் பாதுகாப்பையே கெடுத்துவிடலாம். ஒரு மாத்திரைதானே கொடுத்தீர்கள், பயப்பட வேண்டாம். ஆனால் மருந்தின் பெயரையும் கொடுத்த தேதியையும் அவருடைய இதய மருத்துவரிடம் இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காலில் வீக்கம் கூடினாலோ காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

அவருடைய முதுகு, தோள்பட்டை வலி நெஞ்சைத் திறந்து செய்த அறுவைக்குப் பிறகு மிகச் சாதாரணம். அறுவையின்போது விலா எலும்புகள் விரிக்கப்படுகின்றன. வீட்டுக்கு வந்த பிறகு தோளைக் குறுக்கி, நெஞ்சைக் காத்தபடியே நடக்கிறார். அதனால் வரும் வலி அது. பெரும்பாலானவர்களுக்கு இதற்குப் பாராசிட்டமால் போதும். ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. எடை குறைந்தவர், கல்லீரல் தொல்லை உள்ளவர் என்றால் அதற்கும் குறைவு, அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கணக்குப் போடும்போது கவனம்: டிரமடால் சேர்ந்த கூட்டு மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும்.

இன்றிலிருந்து மருந்து இரண்டு தனிப் பெட்டிகளில், இரண்டு தனி இடங்களில் இருக்கட்டும். ஒரே அலமாரியில் இரண்டு தட்டு என்று வைப்பது போதாது, ஒன்று சமையலறையில் என்றால் மற்றது படுக்கையறையில். உங்கள் இருவரிடமும் ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து இருக்க வாய்ப்பு உண்டு. ஒருவருடையதை மற்றவர் விழுங்குவதுதான் இந்த வீட்டில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு. நாள், வேளை எழுதிய சிறு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி வாங்கி வாரம் ஒருமுறை நிரப்புங்கள். நிரப்பும்போது ஒருவர் சீட்டைப் படிக்க, மற்றவர் போட வேண்டும். ‘சாப்பிட்டேனா இல்லையா’ என்ற சந்தேகம் வந்தால் பெட்டியின் அறையைப் பாருங்கள். விட்டுப்போன வேளைக்கு அடுத்த வேளை இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் இருவர் உடம்பும் இப்போது கேட்பது நேரெதிரான இரண்டை. அவருடைய நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். அது சேர ஆறு முதல் எட்டு வாரம், நன்றாக இறுக ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை அந்த எலும்பின் இரு பக்கங்களும் அசையாமல் இருக்க வேண்டும். உங்கள் முழங்காலுக்கோ அசைவுதான் வைத்தியம். மூட்டைச் சுற்றி இந்த வாரங்களில் தழும்புத் திசு உருவாகிக்கொண்டிருக்கிறது. தினமும் மடக்கி நீட்டினால் அது நெகிழ்வாக அமையும், விட்டுவிட்டால் விறைத்துப்போகும். அவர் அடங்கியிருக்க வேண்டும், நீங்கள் முயல வேண்டும். வீட்டில் நடப்பது தலைகீழாக இருக்கிறது. அவர் உங்களைத் தூக்க முயல்கிறார், நீங்கள் பயிற்சியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அன்பினால்தான் இப்படி ஆகிறது, அதனால்தான் ‘வேண்டாம்’ என்றால் கோபமும் வருகிறது.

அவர் கைகொடுத்துத் தூக்குவது ஏன் கூடாது? ஒரு ஆளைக் கையால் இழுத்து எழுப்பும்போது மார்புத் தசைகள் நெஞ்செலும்பை இரு பக்கமும் இழுக்கும். கம்பி எலும்பை அறுத்துக்கொண்டு தளரலாம். மூச்சு விடும்போதோ புரளும்போதோ நெஞ்சில் ‘டக்’ என்று சத்தம் கேட்டாலோ, எலும்பு நகர்வதுபோல் உணர்ந்தாலோ அது இந்தத் தளர்ச்சியின் அறிகுறி. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூக்கும் எடைக்கான வரம்பு பொதுவாக 4 முதல் 5 கிலோ. ஐந்து லிட்டர் தண்ணீரே ஐந்து கிலோ, பாத்திரத்தின் எடை தனி. கனமான கதவை இழுப்பது, சிக்கிய மூடியைத் திருகுவது, ஒரு கையால் பின்னால் ஊன்றி எழுவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அவர் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே: முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கட்டும், இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்யட்டும்.

நீங்கள் யார் உதவியும் இல்லாமல் எழ வழி செய்துவிட்டால் இந்தச் சண்டை நின்றுவிடும். உங்கள் நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டும். உட்காரும் இடம் உங்கள் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். உள்ளே புதைகிற சோபா வேண்டாம். எழும்போது நுனிக்கு நகர்ந்து, அறுவை செய்த காலைச் சற்று முன்னே நீட்டி, நல்ல காலைப் பின்னுக்கு இழுத்து, இரு கைப்பிடிகளையும் கீழ்நோக்கி அழுத்தி எழுங்கள். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது கவிழும். கழிப்பறை இருக்கை தாழ்வாக இருந்தால் மேலே பொருத்தும் உயர இருக்கையும், சுவரில் பிடிகம்பியும் போடுங்கள். அந்தக் கம்பி உங்களுக்கு மட்டும், அவர் அதைப் பிடித்துத் தொங்கி எழக் கூடாது. அவர் எழும் முறை வேறு: நுனிக்கு வந்து, இரு பாதங்களையும் பின்னுக்கு வைத்து, கைகளை மார்பின் குறுக்கே ஒரு தலையணையோடு அணைத்து, மூக்கு கால்விரலுக்கு மேல் வரும்வரை முன்னே சாய்ந்து, காலின் பலத்தில் மட்டும் எழுவது. இருமல், தும்மல் வரும்போதும் அதே தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொள்ளட்டும். படுக்கையிலிருந்து எழும்போது முழங்காலை மடக்கி, மரக்கட்டை உருள்வதுபோல் உடம்பு மொத்தமாக ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு எழ வேண்டும். எழுந்ததும் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காரட்டும். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மாத்திரைகளால் சட்டென நின்றால் தலை சுற்றும்.

இருவரும் சேர்ந்து நடக்கும்போது அவர் உங்களைக் கையால் பிடிக்க வேண்டாம். கை எட்டாத இடைவெளி விட்டே நடங்கள். நீங்கள் தடுமாறினால் அவர் யோசிக்காமல் எட்டிப் பிடிப்பார், அந்த ஒரு இழுப்பு போதும் இருவருக்கும் கெடுதல் வர. ஊன்றுகோல் உங்கள் இடது கையில் இருக்கட்டும், வலது காலோடு சேர்ந்து முன்னே போகட்டும். அறுவை செய்த கால் பக்கமே கோல் பிடிப்பது பலர் செய்யும் தவறு. அதனால் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து நடை கெட்டுப்போகும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். ஒருவர் ஏறி முடித்த பிறகு அடுத்தவர்.

ஒருவேளை நீங்கள் விழுந்துவிட்டால்? இதை இன்றைக்கே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அவர் உங்களைத் தூக்க மாட்டார். தலையணையும் போர்வையும் கொண்டுவந்து தருவார், தொலைபேசியில் ஆளை அழைப்பார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உண்மையிலேயே உதவி அதுதான். இருவரும் எப்போதும், குளியலறையிலும்கூட, கைபேசியை உடம்போடு வைத்திருங்கள். குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய இரண்டு பேரின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அவர்களில் ஒருவரிடம் வீட்டுச் சாவி இருக்கட்டும்.

வீட்டு வேலையை ஒரு தாளில் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். உங்களால் உட்கார்ந்து செய்ய முடிகிறவை: நறுக்குவது, மடிப்பது, கணக்கு, தொலைபேசி. அவரால் நின்று நடந்து செய்ய முடிகிற லேசானவை: கையில் கோல் இருப்பதால் உங்களால் எடுத்துவர முடியாத தட்டு, டம்ளர், மாத்திரை, ஐஸ் பை. அடுப்பு முன் நீங்கள் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம், பக்கத்தில் உயரமான முக்காலி இருக்கட்டும். அடிக்கடி எடுக்கிற பொருள்கள் எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வரட்டும்.

மூன்றாவது பட்டியல்தான் முக்கியம்: இருவருமே செய்யக் கூடாதவை. தண்ணீர் வாளி, ஈரத்துணி மூட்டை, தரை துடைப்பது, மெத்தை நகர்த்துவது, கனமான சாமான் வாங்கிவருவது. இறுக்கமான காலுறை போட்டுவிடுவதும் இதில்தான் வரும். பைபாஸுக்காக அவர் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் வீக்கத்துக்கு அந்தக் காலுறை கொடுத்திருப்பார்கள். அதை ஏற்றப் பலமாக இழுக்க வேண்டும், அவர் நெஞ்சும் தாங்காது, குனிந்து ஊன்ற உங்கள் முழங்காலும் தாங்காது. இந்தப் பட்டியலை அப்படியே மகளுக்கு அனுப்புங்கள். தூரத்தில் இருக்கிறவர்கள் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று தினமும் கேட்டுத் தவிக்கிறார்களே தவிர, என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறார்கள். ‘காலையில் முக்கால் மணி நேரம் வேலைக்கு ஒரு ஆள், ஆறு வாரத்துக்கு’ என்று தெளிவாகக் கேட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

உங்கள் முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வாரத்தில் வீக்கமும் சூடும் இருப்பது இயல்பு, மாதக்கணக்கில்கூட நீடிக்கும். பயிற்சியைத்தான் தள்ளிப்போட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தரையோடு தேய்த்துப் பின்னுக்கு இழுங்கள். குதிகால் முழங்காலுக்கு நேர் கீழே வந்தால் ஏறக்குறைய 90 பாகை. இந்நேரம் அதைத் தாண்டியிருக்க வேண்டும். கட்டைவிரல் எட்டிய இடத்தில் தரையில் ஒரு ஒட்டுநாடா ஒட்டி, நாற்காலியை நகர்த்தாமல் வாரம் ஒருமுறை பாருங்கள். நீட்டுவதும் மடக்குவது அளவுக்கு முக்கியம், பலரும் மறந்துவிடுவது அதைத்தான். காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தி ஐந்து எண்ணும்வரை வைத்திருங்கள். அழுத்தும்போது அடியில் உள்ள ஒரு தாளை அவரால் தடையின்றி உருவ முடிந்தால் கால் இன்னும் முழுதாக நீளவில்லை என்று பொருள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குகிறீர்களா? சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே விறைத்துவிடும். தலையணை குதிகாலுக்கு அடியில் போகட்டும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முன்பு போடுங்கள், பயிற்சி முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ் பதினைந்து முதல் இருபது நிமிடம். ஆறாம் வாரம் முடிந்தும் 90 பாகை எட்டவில்லை என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் சிகிச்சை, பன்னிரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். அவருக்கும் ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சி சொல்லியிருப்பார்கள். உருண்டைகள் மேலே எழும்பும் அந்தச் சிறு கருவியில் பத்து முறை. இரண்டையும் ஒரே மணியோசையில் கட்டிவிடுங்கள். கைபேசி ஒலித்ததும் அவருக்குப் பத்து மூச்சு, உங்களுக்குப் பத்து மடக்கல். உங்களுக்காக அவர் எண்ணட்டும். தூக்கிவிட முடியாத கைக்கு வேலை கிடைத்தால் அந்தக் கோபமும் பெரும்பாலும் தணிந்துவிடும். நடைப்பயிற்சியை மட்டும் முழுதாகச் சேர்க்க வேண்டாம்: அவர் தினம் ஓரிரு நிமிடம் கூட்டிக்கொண்டே போய் அரை மணியை எட்ட வேண்டியவர், உங்களுக்கு இப்போது தேவை நேரான நடையோடு குறுகிய தூரம். உங்கள் பத்து நிமிடத்தைச் சேர்ந்து நடந்து, பிறகு அவர் வீட்டை ஒட்டியே இன்னும் கொஞ்சம் தொடரட்டும். நடக்கும்போது பேச முடிகிற அளவே அவருக்கு வேகம்.

அவருடைய அழுகைக்குக் காரணம் இருக்கிறது. இதய அறுவைக்குப் பிறகான முதல் வாரங்களில் கண் கலங்குவது, எரிச்சல், கெட்ட கனவு, மறதி, படித்தது மனதில் நிற்காமல் போவது எல்லாம் பலருக்கும் வரும், பெரும்பாலும் தானாகவே தெளியும். ‘எதற்கு அழுகிறீர்கள்’ என்று விசாரிப்பதைவிடப் பக்கத்தில் இருப்பது நல்லது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லாமல், சாப்பாட்டையும் மருந்தையும் தள்ளினால் இதய மருத்துவரிடமே சொல்லுங்கள். மனச்சோர்வு இதயம் தேறுவதைத் தாமதப்படுத்தும், அதற்குச் சிகிச்சை உண்டு. ‘இருந்து என்ன பயன்’ என்ற தொனியில் பேசினால் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

உங்கள் ஆத்திரத்தில் வெட்கப்பட எதுவும் இல்லை. எலும்பை வெட்டி உலோகம் பொருத்திய பெரிய அறுவை உங்களுடையது. அது ஆறும் முன்பே நீங்கள் நோயாளி என்ற இடத்திலிருந்து துணையாள் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டீர்கள். யாரும் உங்களைக் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. வருகிறவர்களிடம், ‘எனக்கும் ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம்தான் ஆகிறது, அந்த வாளியைக் கொஞ்சம் வைத்துவிட்டுப் போங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், மனதார வைப்பார்கள். கணவரிடமும் மறைக்காதீர்கள். வலியை மறைக்கிற வீட்டில் மற்றவர் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது, ஊகம் எப்போதும் பயத்தின் பக்கம்தான் சாயும். தினமும் மாலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலி எவ்வளவு, இன்று என்ன செய்ய முடியவில்லை, நாளைக்கு என்ன வேண்டும் என்ற மூன்றையும் இருவரும் சொல்லுங்கள். ‘பரவாயில்லை’ என்பதைப் பதிலாக ஏற்க வேண்டாம்.

தூக்கத்துக்காகச் சில வாரம் தனித்தனிக் கட்டிலில் படுப்பதில் தவறில்லை. அவர் மல்லாந்து படுக்க வேண்டும், உங்களுக்குக் காலை நீட்ட இடம் வேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரம் போதும். கழிப்பறை வழியில் இரவு விளக்கு எரியட்டும், தரை விரிப்புகளை எடுத்துவிடுங்கள். தாம்பத்திய உறவுக்கு அவருக்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் சொல்வார்கள். இரண்டு மாடி ஏறியும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இல்லை என்றால் இதயம் தயார். நெஞ்சின் மேல் பாரம் விழாத நிலை தேவை. அதற்கென்று விற்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது, நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்தோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒருவர் மற்றவரைக் கவனிப்பதில் மிகப் பயனுள்ளது கண்ணால் செய்யும் வேலை. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், அதே அளவு உடையில் அவர் எடை பார்க்கட்டும், நீங்கள் எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது, மருத்துவரை அழையுங்கள். நெஞ்சுக் காயத்திலோ உங்கள் முழங்கால் காயத்திலோ சிவப்பு பரவுவது, கசிவு, 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றாலும் அப்படியே. தினமும் குளித்தபின் உங்கள் கெண்டைக்கால்கள் இரண்டையும் அவர் பார்க்கட்டும். ஒன்று மட்டும் திடீரென வீங்கி, அழுத்தினால் வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். அதைத் தேய்த்துவிடக் கூடாது. அவருடைய கால்களையும் நீங்கள் இப்படியே பாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், காயவலி போலன்றி நெஞ்சை அமுக்கும் வலி, மயக்கம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் என்றால், யாருக்கு வந்தாலும் முதலில் ஆம்புலன்ஸ், பிறகுதான் மகள்.

அவருடைய ஆறாம் வாரப் பரிசோதனைக்கு இருவரும் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: எடை வரம்பு எப்போது தளரும், வண்டி எப்போது ஓட்டலாம், இதய மறுவாழ்வுப் பயிற்சி வகுப்பு எப்போது தொடங்கலாம். கடைசி வரியாக, ‘வீட்டில் இவருக்குத் துணை நான்தான், எனக்கும் மூட்டு அறுவை ஆகியிருக்கிறது’ என்பதையும் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். துணைக்கு ஆள் இருக்கிறார் என்று எண்ணித்தான் அவர்கள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆளின் காலில் தையல் வடு இருப்பது சீட்டில் எங்கும் எழுதியிருக்காது.